தீபாவளிக்கு ஊருக்குப் போகாத பெண்கள்

மெரினா கடற்கரைச் சாலையில் விவேகானந்தர் இல்லம் என்ற பெயரோடு நிற்கும் வட்ட முகப்புக் கட்டடம், 1842-ல் ஐஸ் கட்டிகளைச் சேமித்து வைப்பதற்காகக் கட்டப்பட்டது. அமெரிக்காவின் பாஸ்டன் நகர வணிகர் பிரெடரிக் டியூடர், அங்கே குளிர்காலத்தில் உறைந்துபோகும் ஏரிகளிலிருந்து பனிக்கட்டியை வெட்டியெடுத்துக் கப்பலேற்றி மதராசுக்கு அனுப்பினார். இங்கேயே ஐஸ் தயாரிக்கும் இயந்திரங்கள் வந்ததும் அந்த வியாபாரம் நொடித்தது. கட்டடம் வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார் கைக்கு வந்தது. 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் அங்கே ஒன்பது நாள் தங்கினார். சென்னைக்காரர்கள் பலருக்கும் இதுவரை தெரியும். பிற்பாடு அதே வீட்டில் குடியேறியவர்களைப் பற்றித்தான் நாம் குறைவாகப் பேசுகிறோம்.

அவர்கள் பால்ய விதவைகள். கழுத்தில் ஏறிய தாலி என்ன என்று புரிவதற்கு முன்பே அதை இழந்த சிறுமிகள். சகோதரி ஆர்.எஸ். சுப்புலட்சுமி என்ற பெண்மணி அவர்களை அங்கே கொண்டுவந்து சேர்த்தார். 1886-ல் பிறந்த அவரும் குழந்தைப் பருவத்திலேயே கணவரை இழந்தவர்தான். அவருடைய தந்தை மகளை மூலையில் உட்காரவைக்காமல் படிக்கவைத்தார். 1911-ல் சுப்புலட்சுமி மாநிலக் கல்லூரியில் பி.ஏ. முடித்தார். அடுத்த ஆண்டே, எழும்பூரில் சில சிறுமிகளோடு ஒரு இல்லத்தைத் தொடங்கினார். இடம் போதாமல் போனபோது, ஐஸ் ஹவுஸ் என்று அழைக்கப்பட்ட அந்தக் கடற்கரைக் கட்டடத்தை அரசு வாங்கிக் கொடுத்தது. அது 1917. அந்தச் சிறுமிகள் படித்து ஆசிரியைகள் ஆவதற்காக 1922-ல் பக்கத்திலேயே லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரி வந்தது.

பிறந்த வீட்டில் ஒரு பண்டிகை என்றால் அந்தச் சிறுமிகள் யார் கண்ணிலும் படாமல் பின்கட்டில் இருக்க வேண்டும். பூ கிடையாது, வளையல் கிடையாது, நல்ல காரியத்துக்கு எதிரே வரக்கூடாது. கடலுக்கு எதிரே இருந்த அந்த வீட்டில் அவர்களுக்கு ஒரு கூரையும் ஒரு படிப்பும் தோழிகளும் கிடைத்தார்கள். குடும்பத்தோடு இல்லாத பெண்ணும் இந்த நகரத்தில் கௌரவமாக வாழலாம் என்பதைச் சென்னைக்குக் காட்டிய முதல் இடங்களில் ஒன்று அது. ஆனால் அந்தக் கூரை பிராமணச் சிறுமிகளுக்கு மட்டுமானது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நான் மதுரைப் பக்கத்துக்காரி. திருமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். 1982-ல் டெலிபோன் ஆபரேட்டராக வேலை கிடைத்துச் சென்னைக்கு வந்தேன். அதே துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். ஓய்வுக்குப் பிறகு, இந்த நகரத்தில் பெண்கள் தங்கிய விடுதிகளின் கதையைத் தேடித் தேடிப் படித்துவருகிறேன். படிக்கப் படிக்க எனக்கு ஒன்று உறுதியாகிறது. பெண்ணுக்குப் படிப்பையும் வேலையையும் கொடுக்கச் சென்னை காட்டிய வேகத்தை, அவள் தலைசாய்க்க ஓர் இடம் கொடுப்பதில் காட்டவில்லை. இடம் கொடுத்த பிறகும், அதை அவளுடைய வீடாக நினைக்க மறுத்தது. அந்த மறுப்பு தெளிவாகத் தெரியும் காலம் ஒன்று உண்டு. ஆயுத பூஜையில் தொடங்கித் தீபாவளி, கார்த்திகை, கிறிஸ்துமஸ், பொங்கல் என்று ஓடும் பண்டிகைக் காலம்.

கல்லூரி வந்தது, கூடவே விடுதி வந்தது

1914 ஜூலையில் கடற்கரைச் சாலையில் இருந்த கேப்பர் ஹவுஸ் என்ற கட்டடத்தில் மதராஸ் மகளிர் கல்லூரி தொடங்கியது. 1917-ல் அது ராணி மேரி கல்லூரி ஆயிற்று. அதன் முதல்வர் டோரதி டி லா ஹே 1936 வரை அந்தக் கல்லூரியை வளர்த்தார். 1915-ல் எலினார் மெக்டூகல் தலைமையில் மகளிர் கிறிஸ்தவக் கல்லூரி பிறந்தது. இன்று அது இருக்கும் நுங்கம்பாக்கம் டவ்டன் ஹவுஸுக்கு அடுத்த ஆண்டு போய்ச் சேர்ந்தது. தமிழ், தெலுங்கு, மலையாளப் பகுதிகளிலிருந்து பெண்கள் வந்து படித்தார்கள். வெளியூர்ப் பெண் படிக்க வேண்டுமென்றால் விடுதி இல்லாமல் முடியாது. ஒரு அப்பா தன் மகளைப் பட்டணத்தில் விட்டுவிட்டு ரயிலேறுவதற்கு, முதல்வர் பொறுப்பு என்ற சொல் வேண்டியிருந்தது. உயரமான சுற்றுச்சுவரும் வாசலில் காவலும் கையெழுத்துப் புத்தகமும் அந்த நம்பிக்கைக்கு நகரம் கொடுத்த ஈடு. அந்த மூன்றும் இன்றுவரை மகளிர் விடுதியை விட்டுப் போகவில்லை.

மாணவிகளுக்கு இப்படி வழி பிறந்தது. வேலைக்கு வந்த பெண்களுக்கு? அலுவலக வேலைக்குச் சென்னையில் முதலில் வந்தவர்களில் ஆங்கிலோ இந்தியப் பெண்கள் முக்கியமானவர்கள். தட்டச்சர், நர்ஸ், டெலிபோன் ஆபரேட்டர் என்று மூன்று வேலைகளிலும் அவர்கள்தான் முன்னே நின்றார்கள். சென்னையில் டெலிபோன் வந்தது 1882 ஜனவரியில். எர்ரபாலு செட்டித் தெருவில் அதன் முதல் நிலையம் இருந்தது. பிற்காலத்தில் பெண் குரல் என்றாலே எக்ஸ்சேஞ்ச் என்று ஆகும் அளவுக்கு அந்த வேலை பெண்களோடு ஒட்டிக்கொண்டது. ஒய்.டபிள்யூ.சி.ஏ. என்ற இளம்பெண்கள் கிறிஸ்தவ சங்கம் 1890-களிலேயே சென்னையில் வேர்விட்டிருந்தது. தனியாக இருக்கும் பெண்ணுக்கு அறையும் சாப்பாடும் கொடுப்பதை அது தன் வேலையாகவே எடுத்துக்கொண்டது.

இந்தக் கூரைகளின் கீழேயும் எல்லோருக்கும் இடம் இருக்கவில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தேவதாசி முறையை ஒழிக்கப் போராடிக்கொண்டிருந்தபோது, அந்தக் குலத்தில் பிறந்து தப்பித்து வந்த இளம்பெண்கள் அவர் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். அவர்களைச் சேர்த்துக்கொள்ள விடுதிகள் மறுத்துவிட்டன. அவர்களைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார் டாக்டர். 1930-ல் அவ்வை இல்லம் பிறந்த கதை இதுதான். பெண்ணுக்குக் கூரை கொடுப்பதிலும் சாதி எப்படிக் குறுக்கே வந்து நின்றது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

சுதந்திரத்துக்குப் பிறகு கதை வேகம் பிடித்தது. 1956-ல் ஆயுள் காப்பீட்டுக் கழகம் உருவானது. 1959-ல் அண்ணா சாலையில் பதினான்கு மாடி எல்.ஐ.சி. கட்டடம் எழுந்தது. 1969-ல் பதினான்கு வங்கிகள் தேசியமயமாயின. தேர்வு எழுதினால் வேலை என்ற நிலை வந்தபோது, டைப்ரைட்டிங் லோயரும் ஹையரும் பாஸ் செய்துவிட்டு ஊரில் காத்திருந்த பெண்கள் பெட்டியோடு எழும்பூரில் வந்து இறங்கினார்கள். வேலைக்குப் போகும் பெண்களுக்கு விடுதி கட்ட மத்திய அரசு நிதியுதவித் திட்டம் கொண்டுவந்தது 1972-73-ல்தான். வேலை முன்னால் வந்து, கூரை பின்னால் நடந்து வந்தது என்று நான் சொல்வது இதைத்தான்.

1982: டிரங்க் போர்டில் ஒரு தீபாவளி

நான் சேர்ந்த விடுதி புரசைவாக்கம் பக்கம். ஒரு அறைக்கு நான்கு கட்டில், கட்டிலுக்கடியில் டிரங்குப் பெட்டி. இரவு எட்டு மணிக்குள் கையெழுத்துப் போட வேண்டும். ஞாயிறு மாலை மட்டும் பார்வையாளர் வரலாம். அதுவும் லோக்கல் கார்டியன் என்று எழுதிக் கொடுத்திருப்பவர் மட்டும். அறையில் ஸ்டவ் கூடாது, ஹீட்டர் கூடாது.

நகரத்தில் என் முதல் பண்டிகை ஆயுத பூஜை. எக்ஸ்சேஞ்சில் டிரங்க் போர்டுக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, மேல்சட்டத்தில் சாமந்திச் சரம் கட்டினார்கள். ஊரில் அன்று ஏரையும் அரிவாளையும் கழுவிவைத்துவிட்டு வேலையை நிறுத்திவிடுவார்கள். இங்கே போர்டை நிறுத்த முடியாது. கற்பூரம் காட்டும்போதும் விளக்குகள் மினுக்கிக்கொண்டே இருந்தன. பாதிப் பேர் கும்பிட, மறுபாதி "நம்பர் ப்ளீஸ்" என்றார்கள். பிறகு அவர்கள் எழுந்து வந்து கும்பிட, நாங்கள் போய் உட்கார்ந்தோம்.

டிரங்க் போர்டைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன். ஆள் உயர மரச் சட்டத்தில் ஊர் ஊருக்கான துளைகள். மேசைப் பரப்பில் ஜோடி ஜோடியாகப் பித்தளை முனை வைத்த ஒயர்கள். அவற்றுக்கு முன்னால் மேலும் கீழும் தள்ளும் சாவிகள். தலையில் ஹெட்செட். 180-ஐச் சுழற்றி ஒருவர் கால் புக் செய்தால் அவருடைய நம்பர், வேண்டிய ஊர், அங்கே உள்ள நம்பர், புக் செய்த நேரம் எல்லாம் ஒரு சின்னச் சீட்டில் எழுதி எங்களிடம் வரும். ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று வகை உண்டு. அர்ஜென்டுக்கு இரட்டிப்புக் கட்டணம், லைட்னிங்குக்குப் பல மடங்கு. குறிப்பிட்ட ஆளைக் கூப்பிட்டு வரச் சொல்வது பி.பி. கால். லைன் கிடைத்ததும் இரு பக்கமும் ஒயரைச் செருகி, பேச்சு கேட்கிறதா என்று பார்த்து, நேரத்தைக் குறித்துக்கொண்டு விலகிவிட வேண்டும். மூன்று நிமிடம் ஆனதும் உள்ளே நுழைந்து சொல்ல வேண்டும்.

தீபாவளிக்கு லீவு கேட்டால் சீனியாரிட்டிப்படிதான் கிடைக்கும். புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக் கிடைக்காது. அது எனக்குத் தெரிந்துதான் இருந்தது. ஆனால் விடுதி அறிவிப்புப் பலகையில் மெஸ் விடுமுறை என்று எழுதிப் போட்டபோதுதான் மனம் சுருக்கென்றது. சமையல்காரரும் ஊருக்குப் போக வேண்டும், நியாயம்தான். ஆனால் போகாமல் இங்கேயே இருப்பவர்கள் உண்டு என்ற நினைப்பே அந்த அறிவிப்பில் இல்லை.

முந்தின மாலை விடுதி மளமளவென்று காலியாயிற்று. பாண்டியன் எக்ஸ்பிரஸுக்கு ஓடுகிறவர்கள், பாரிமுனையில் திருவள்ளுவர் பஸ்ஸுக்கு நிற்கப் போகிறவர்கள், துணிக்கடைப் பைகளோடு ஆட்டோவுக்குக் குரல் கொடுப்பவர்கள். மழை வேறு. மிஞ்சியவர்கள் வராந்தாவில் வந்து உட்கார்ந்தோம். அரசு பொது மருத்துவமனையில் வேலை பார்த்த கன்னியாகுமரி நர்ஸ் ஒருவர். அவருக்கு டூட்டி. ஒரு மலையாள டீச்சர். ஓணத்துக்குப் போய்விட்டு வந்ததால் திரும்பப் போகச் செலவு கட்டுப்படியாகாது. கணவரை விட்டு வந்த ஒரு வங்கி ஊழியர். போனால், எப்போது சமாதானமாகப் போகிறாய் என்ற கேள்வி காத்திருக்கும். தஞ்சாவூர்ப் பக்கத்து டைப்பிஸ்ட் அக்கா ஒருவர், ஐம்பதைத் தாண்டியவர், கணவரை இழந்தவர். அவர் போவதற்கு வீடு என்று எதுவும் இல்லை. லீவு கிடைக்காததால் தங்கியவள் நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன். பண்டிகைக்கு ஊருக்குப் போகாததற்கு எத்தனை காரணங்கள் உண்டு என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

எனக்குக் காலை டூட்டி. விடியுமுன் எழுந்து நல்லெண்ணெய்க் கிண்ணத்தோடு குளியலறைப் பக்கம் போனேன். வீட்டில் என்றால் அப்பத்தா முற்றத்தில் மணை போட்டு உட்காரவைத்து, உச்சியில் மூன்று முறை எண்ணெய் வைத்துவிட்டுத்தான் தேய்க்க விடும். பெரியவர் கை உச்சியில் பட வேண்டும் என்பது முறை. டைப்பிஸ்ட் அக்கா துணி துவைத்துக்கொண்டிருந்தார். "நீங்க எண்ணெய் வச்சு விடுங்கக்கா" என்றேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார். "நான் வைக்கலாமாம்மா? வேற யாரையாவது கூப்பிடேன்" என்றார். "எங்க அப்பத்தாவும் உங்கள மாதிரிதான்க்கா. எங்க வீட்ல அதுதான் வைக்கும்" என்றேன். அது உண்மைதான். எங்கள் பக்கத்தில் அந்த விலக்கெல்லாம் பெரிதாகக் கிடையாது. அக்கா ஒரு வார்த்தை பேசாமல் கிண்ணத்தை வாங்கி, உச்சியில் எண்ணெயை வைத்துப் பரபரவென்று தேய்த்தார். பிறகு டீச்சர் வந்தார், நர்ஸ் வந்தார். எல்லோருக்கும் அவரே வைத்துவிட்டார். நர்ஸ் கிறிஸ்தவர். எண்ணெய்க் குளியலுக்கு மதம் ஏது என்று சொல்லித் தலையைக் காட்டினார்.

பல வருடம் கழித்து ஐஸ் ஹவுஸ் சிறுமிகளைப் பற்றிப் படித்தபோது அந்த அக்காவின் தயக்கத்தின் நீளம் எனக்கு விளங்கியது. 1912-ல் சுப்புலட்சுமி எதை எதிர்த்துக் கிளம்பினாரோ, அது எழுபது ஆண்டு கழித்தும் ஒரு விடுதிக் குளியலறை வாசலில் நின்றுகொண்டிருந்தது. அதைக் கடக்க ஊரும் உறவும் பார்க்காத ஓர் இடம் தேவைப்பட்டது. விடுதி வாழ்க்கை பெண்களுக்குக் கொடுத்த பெரிய விஷயம் இது. உறவுமுறைகளைப் புதிதாக அமைத்துக்கொள்ளும் சுதந்திரம்.

எக்ஸ்சேஞ்சில் அன்று தலைநிமிர நேரமில்லை. போர்டு முழுக்க விளக்கு. மதுரை, கோயம்புத்தூர், திருச்சி, பம்பாய், டெல்லி என்று சீட்டுகள் குவிந்தன. லைன் கொடுத்துச் சரிபார்க்கும் அந்த நொடியில் காதில் விழுவதெல்லாம் ஒரே கேள்விதான். "கங்கா ஸ்நானம் ஆச்சா?" என்று ஒரு வீடு. "எண்ணெ தேச்சுக் குளிச்சாச்சா?" என்று ஒரு வீடு. தந்தி அலுவலகத்திலும் இதே நெரிசல். வாழ்த்துத் தந்திக்கென்று எண் போட்ட வாசகப் பட்டியல் ஒன்று இருந்தது. அதில் முதல் எண்ணே தீபாவளி வாழ்த்து. 2013 ஜூலையில் தந்திச் சேவையே நின்றுபோனது.

கேண்டீனில் இட்லியும் கேசரியும் போட்டார்கள். அன்று எனக்குச் சோறு போட்டது நான் வாடகை கொடுத்த விடுதி இல்லை, சம்பளம் கொடுத்த அலுவலகம். மதியம் ஓய்வு நேரத்தில் காசு கட்டி எங்கள் ஊருக்கு ஒரு பி.பி. கால் போட்டேன். ரைஸ் மில்லில்தான் போன் உண்டு. அம்மாவைக் கூட்டிவர ஆள் போனது.

"சாப்பிட்டியாத்தா?"

"சாப்பிட்டேம்மா. ஆபீஸ்ல இட்லி."

"கறிக்கொழம்பு இருந்துச்சா?"

"இல்லம்மா."

"பொங்கலுக்கு வந்துரு. எடுத்து வைக்கிறேன்" என்றார் அம்மா. கறிக்குழம்பைப் பொங்கல் வரைக்கும் எடுத்துவைக்க முடியாது என்பது அவருக்கும் தெரியும். லைனில் இருந்த என் தோழி மூன்று நிமிடத்தைக் கொஞ்சம் நீட்டிவிட்டாள்.

மார்கழியும் எட்டு மணியும்

டிசம்பர் வந்தது. எங்கள் சூப்பர்வைசர் ஓர் ஆங்கிலோ இந்தியப் பெண்மணி. ஊருக்குப் போகாத ஆபரேட்டர்களைப் பெரம்பூரில் இருந்த தன் வீட்டுக்குக் கிறிஸ்துமஸுக்கு அழைப்பது அவர் வழக்கம். ரயில்வே குடும்பங்கள் நிறைந்த அந்தத் தெருக்களில் ஜன்னலுக்கு ஜன்னல் நட்சத்திரம் தொங்கியது. தட்டில் பிளம் கேக், கல்கல், அச்சு முறுக்கு. ரயில்வே இன்ஸ்டிடியூட்டில் நடனம் உண்டு என்று அந்த வீட்டுப் பெண்கள் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். தன் காலத்தில் எக்ஸ்சேஞ்ச் ஆபரேட்டர்களில் பெரும்பகுதி தங்கள் சமூகத்துப் பெண்கள்தான் என்று அவர் சொன்னார். அவர்களில் பலர் அப்போதே ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் போய்விட்டிருந்தார்கள். எங்களுக்கு முன்னால் அந்த ஹெட்செட்டைப் போட்டவர்கள் யார் என்பதை நான் அந்த வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த படங்களில்தான் பார்த்தேன்.

சென்னையின் கச்சேரி சீசன் கிறிஸ்துமஸ் விடுமுறையோடு பிணைந்தது என்பதும் இங்கே நினைவுகொள்ளத் தக்கது. காங்கிரஸ் மாநாடுகள் டிசம்பர் கடைசியில், நீதிமன்றங்களும் அலுவலகங்களும் மூடியிருக்கும் நாட்களில் கூடுவது அப்போது வழக்கம். 1927-ல் மாநாடு சென்னையில் கூடியபோது அதையொட்டி இசை மாநாடும் நடந்தது. அதன் தொடர்ச்சியாக 1928-ல் மியூசிக் அகாடமி பிறந்தது. அந்த மேடைகளைப் பெண்கள் எளிதில் பெற்றுவிடவில்லை. 1933-ல் பாலசரஸ்வதி அகாடமியில் ஆடியதும், எம்.எஸ். சுப்புலட்சுமி, டி.கே. பட்டம்மாள், என்.சி. வசந்தகோகிலம் ஆகியோர் முன்வரிசைக்கு வந்ததும் நீண்ட தடைகளைத் தாண்டித்தான்.

மேடையில் பெண் ஏறி அரை நூற்றாண்டு ஆன பிறகும், கேட்க வந்த விடுதிப் பெண்ணுக்கு மாலைக் கச்சேரி எட்டாமல் இருந்தது. காரணம் எட்டு மணிக் கையெழுத்து. முக்கியக் கச்சேரி மாலையில் தொடங்கி, ராகம் தானம் பல்லவிக்கு வரும்போது விடுதிக் கதவு மூடும் நேரம் ஆகியிருக்கும். அதனால் நாங்கள் மதியக் கச்சேரிகளுக்குப் போனோம். அதற்கு டிக்கெட் கிடையாது. இளம் வித்வான்கள் பாடுவார்கள், கூட்டம் குறைவு, காற்றாடிக்குக் கீழேயே இடம் கிடைக்கும். டைப்பிஸ்ட் அக்காவுக்கு நல்ல ஞானம். ராகம் கண்டுபிடிக்க எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். விடுதி விதி எங்களைக் காப்பாற்றியது என்று சொல்வார்கள். இருக்கலாம். நகரத்தின் சிறந்த மாலைகளை எங்களிடமிருந்து பறித்ததும் அதே விதிதான்.

பொங்கலுக்கு எனக்கு லீவு கிடைத்தது. ஆனால் நான் போகிக்கு மறுநாள் வரை இங்கேயே இருந்துவிட்டு, மாட்டுப் பொங்கல் அன்று ஊரில் போய் இறங்கினேன். காரணம், தங்கியிருந்தவர்கள் வார்டனிடம் பேசி, பின்புறக் கொல்லையில் பானை வைக்க அனுமதி வாங்கியிருந்தார்கள். செங்கல் மூன்று, விறகு, ஒரு மண்பானை. பானைக்கு மஞ்சள் கொத்துக் கட்டியவர் நர்ஸ். பால் பொங்கியதும் குரல் கொடுத்தவர்களில் வார்டனும் ஒருவர். அடுத்த ஆண்டு தீபாவளிக்கு அவரே காவலாளியின் மனைவியிடம் ஏற்பாடு செய்து, இருப்பவர்களுக்குச் சமைக்கவைத்தார். யாரும் உத்தரவு போடவில்லை. கேட்டோம், செய்தார். ஆனால் கேட்கத் தெரியாதவர்களும் கேட்கப் பயந்தவர்களும் எத்தனை விடுதிகளில் இருந்திருப்பார்கள்!

இன்றைய விடுதி

எஸ்.டி.டி. பூத்துகள் தெருமுனைக்கு வந்தபோது டிரங்க் போர்டின் காலம் முடிந்தது. 2000-ல் தரமணியில் டைடல் பார்க் திறந்தது. பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டி வேளச்சேரி, பெருங்குடி, துரைப்பாக்கம் என்று லேடீஸ் ஹாஸ்டல் போர்டுகள் முளைத்தன. வெளியூர் பஸ்கள் 2002-ல் பாரிமுனையிலிருந்து கோயம்பேட்டுக்கும், 2023 டிசம்பர் கடைசியில் தென் மாவட்ட பஸ்கள் கிளாம்பாக்கத்துக்கும் போயின. தீபாவளிக்கு முந்தின இரவு நகரம் காலியாகும் காட்சி தொலைக்காட்சிச் செய்தியாகிவிட்டது. போகாதவர்கள் இன்றும் செய்தியில் இல்லை.

அவர்கள் எண்ணிக்கை சிறியதில்லை. இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் ஏறக்குறைய 43 சதவீதம் பேர் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூர் பகுதியில் செல்போன் பாகங்களைப் பொருத்தும் பெண்களில் பலர் இருபது வயதை ஒட்டியவர்கள். தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களிலிருந்தும் வெளி மாநிலங்களிலிருந்தும் வருகிறார்கள். 2021 டிசம்பரில் அவர்கள் தங்கியிருந்த ஒரு விடுதியில் சாப்பாடு கெட்டுப்போய் நூற்றுக்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். அந்தப் பெண்கள் இரவோடு இரவாகச் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறித்தார்கள். சபாக்களில் மார்கழிக் கச்சேரி நடந்துகொண்டிருந்த அதே வாரம் அது. என் வயதுப் பெண்கள் வாய்திறந்து கேட்கத் தயங்கியதை அவர்கள் நடுரோட்டில் உட்கார்ந்து கேட்டார்கள். எனக்கு அவர்களை எண்ணிப் பெருமை.

அதன் பிறகு மாற்றங்கள் வந்திருக்கின்றன. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பு திறக்கப்பட்டது. மகளிர் விடுதிகள் பதிவு செய்யப்பட வேண்டும் என்ற சட்டம் 2014 முதலே தமிழ்நாட்டில் இருக்கிறது. அரசின் 'தோழி' விடுதிகள் பல ஊர்களில் நடக்கின்றன. கூரை கொடுப்பதில் இந்த மாநிலம் முன்னே நிற்கிறது, அதை மனதாரச் சொல்கிறேன்.

மிச்சம் இருப்பது, அந்தக் கூரையை வீடாக மதிப்பது. பண்டிகைக்கு மெஸ்ஸை மூடும் விடுதி, அங்கே தங்கும் பெண்ணைப் பார்த்து உன் வீடு வேறெங்கோ இருக்கிறது என்கிறது. வேறெங்கும் வீடு இல்லாதவளும், இருந்தும் போக விரும்பாதவளும், போக முடியாதவளும் அங்கே இருக்கிறார்கள். ஊருக்குப் போவதா இருப்பதா என்பதை அந்தப் பெண் முடிவு செய்யட்டும், பூட்டிய சமையலறை முடிவு செய்ய வேண்டாம். விடுதி நடத்துபவர்களுக்கு என் வேண்டுகோள் இரண்டு. தீபாவளி, கிறிஸ்துமஸ், ரம்ஜான், பொங்கல் நாட்களில் யார் தங்குகிறார்கள் என்று முன்கூட்டியே கேட்டு, அவர்களுக்குச் சூடான சாப்பாடு கொடுங்கள். பழைய வருகைப் பதிவேடுகளைக் காகிதக்காரரிடம் போடாதீர்கள். இந்த நகரத்தைக் கட்டிய பெண்களின் கையெழுத்து அவற்றில்தான் இருக்கிறது. அரசுக்கு ஒரு வேண்டுகோள்: பண்டிகை நாள் சாப்பாட்டை விடுதி விதிகளிலேயே எழுதிவையுங்கள். எங்கள் வார்டனைப் போன்ற நல்ல மனசு எல்லா விடுதியிலும் இருக்காது. வாடகை கொடுக்கும் பெண்ணுக்கு அது உரிமையாகக் கிடைக்க வேண்டும்.